எடை மேடையில் நான் கொடுத்த சர்வ அதிகாரம்

லினக்ஸ் தெரியும் என்று வியாசர்பாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு நான் திரிந்த காலத்தில் எனக்கு அதில் பாதிதான் தெரியும். (அந்தப் பாதியும் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டுப் பார்த்துக் கற்றது.) தெரியாத பாதிக்கு விலை கொடுத்தது என் அக்கா மல்லிகா.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் அக்கா எடை மேடை ஆபரேட்டர். லாரி மேடையில் ஏறினால் எடை ஒரு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். அக்கா சீட்டு எடுத்துக் கொடுப்பாள். நாலு வருடமாகத் தினக்கூலி. அடுத்த மாதம் நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வைரஸ் வந்து அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டதால், "என் தம்பி கம்ப்யூட்டர்ல புலி சார்" என்று என்னைக் கூட்டிப்போனாள்.

புலி விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் அண்டாத லினக்ஸ் போட்டது. எடை வரவில்லை.

"டேய், இன்னாடா இது? வெளியே ஏழு வண்டி நின்னுகினு கீது!" என்று பதறினாள் அக்கா.

லினக்ஸில் அந்த எடை ஒயரைத் தொட, அக்கா கம்ப்யூட்டருக்குள் நுழையும் பெயருக்கு அனுமதி இல்லை. அனுமதிப் பட்டியலில் அவளைச் சேர்த்தேன். அப்போதும் வரவில்லை. அவள் முன்பே பழைய அனுமதியோடு உள்ளே நுழைந்திருந்தாள். அங்கிருந்து கிளம்பும் எல்லா நிரலுக்கும் அந்தப் பழைய அனுமதிதான். ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகியிருக்கும். அரை நிமிட வேலை. புலிக்கு அது தெரியாது.

எல்லாவற்றையும் ஆளும் நிர்வாகியாக நானே நுழைந்து, அங்கிருந்து எடை நிரலைக் கிளப்பினேன். எடை வந்தது. அப்படியே ஓடவிட்டேன். மேனேஜர் எனக்கு டீயும் பன்னும் சொன்னார்.

ஒரு நிரலிலிருந்து கிளம்பும் இன்னொரு நிரல் அதன் பிள்ளை; பெற்றவரின் அதிகாரம் பிள்ளைக்கு என்பதுதான் அங்கே சட்டம். (உயிலெல்லாம் தேவையில்லை.) எடை நிரலுக்குள் ஃபைல்களைப் பார்க்க ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் திறக்கும் ஜன்னலுக்கும் நிர்வாகியின் அதிகாரம் அப்படியே வந்துவிடும். இதை யோசிக்காமல், வாயில் பன்னோடு சொன்னேன்: "வேஸ்ட் ஃபைல் சேந்தா அழிச்சிடுக்கா. அழிக்கக் கூடாதத அதுவே அழிக்க வுடாது."

அக்கா சுத்தக்காரி. மறுநாள் காலை ஒரு ஃபோல்டரில் நூற்றுக்கணக்கில் ஃபைல்கள், அளவு எல்லாம் சைபர். காலி டப்பா என்று நினைத்து மொத்தத்தையும் பெருக்கித் தள்ளினாள். திரை, கீபோர்டு, எடை ஒயர் என்று ஒவ்வொரு கருவிக்கும் லினக்ஸ் வைத்திருந்த வாசல்கள் அவை. அவள் பெயரில் திறந்திருந்தால் "முடியாது" என்று திரை தடுத்திருக்கும். என் புண்ணியத்தில் எல்லாம் அழிந்து, கம்ப்யூட்டரே நின்றுபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரி வரிசை மெயின் ரோடு வரை. டிரைவர்கள் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்கள்.

"எவன் பண்ண வேலை இது?" என்று கத்தினார் மேனேஜர்.

எடை ஒயரைச் சோதிப்பதுபோல் குனிந்து நின்றேன். புலிப் பட்டம் போய்விடுமே என்ற பயம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தான் சார், தெரியாம அழிச்சிட்டேன். தம்பி போட்டது நல்லாத்தான் கீது" என்றாள் அக்கா.

அடுத்த மாதம் நிரந்தரமானது வேறொருவர். அக்காவை கேட்டில் வண்டி நம்பர் எழுத அனுப்பினார்கள். அந்த மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போதும் வீட்டில் யாராவது பீரோ சாவி கேட்டால், அக்கா மகள் சொல்வாள்: "மாமாவக் கேக்காத. சாவி கேட்டா வூட்டையே எழுதிக் குடுத்துடுவாரு." எல்லோரும் சிரிப்பார்கள்; அக்காதான் அதிகம் சிரிப்பாள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னதே அவள்தான். மேனேஜர் கேட்டபோது நான் பேசாமல் நின்றதை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுச் சொல்கிறாள்.