யார் கையும் படாத ஒரு கேன்

டொங், டொங், டொங்னு படிக்கட்டில் எதுவோ குதிச்சு இறங்குற சத்தம். கண்ணைத் திறக்காமலே தெரிஞ்சது, காலி தண்ணி கேன்.

லாட்ஜ் ஒன்றில் ராத்திரி ரிசப்ஷன் வேலை எனக்கு. ஊர் எழுந்திருக்கும்போது படுப்பேன், ஊர் டீ குடிக்கும்போது எழுந்திருப்பேன். தூக்கம் வராத நாளில் கூரையைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் எதெல்லாம் கை நழுவிப் போச்சுன்னு யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேன். அன்னைக்கு நழுவினது எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா கையிலிருந்து, அந்தக் கேன்.

"செல்வி, எழுந்துட்டீங்களா? இன்னைக்கு பௌர்ணமி. கிரிவலத்துக்காக ரோட்டை அடைச்சிட்டாங்களாம், கேன் வண்டி வராது. உங்க வூட்டுல தண்ணி இருக்கா?"

இல்லை. அவங்க வீட்டிலும் இல்லை. கடைக்குப் போய் ஒரு கேன் தண்ணி வாங்கி வரணும். அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

"கீழ் வூட்டுத் தம்பி வரட்டும், தூக்கியாரச் சொல்லலாம்" என்றார் அக்கா.

"எதுக்கு? நானே தூக்கிட்டு வர்றேன்."

அக்காவின் மகள் ஷபானா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கொஞ்சம் விளக்கிடறேன். போன வருஷம் எழுபது வயசு வெள்ளைக்காரம்மா ஒருத்தர் லாட்ஜுக்கு வந்தார். பெட்டியை வாங்கித் தூக்கினேன். அசையலை. அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்துட்டு, அதே பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறிப் போயிட்டார். அன்னையிலிருந்து போனில் வீடியோ பார்த்து, பழைய பையில் செங்கல் போட்டு, மொட்டை மாடியில் தூக்கி இறக்கிக்கிட்டு இருக்கேன்.

துணி எடுக்க வந்த ஷபானா ஒரு நாள் பார்த்தாள். அவளும் ஒரு பை செங்கல் தூக்க ஆரம்பிச்சாள். தலையைக் குனிஞ்சுக்கிட்டே காலேஜ் போய் வந்த பொண்ணு, பஸ்ஸில் இடிச்சவனைத் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லியிருக்கா. இப்போ செங்கம் ரோட்டில் பெண்களுக்குன்னு ஒரு ஜிம் திறந்திருக்காங்க. அதில் சேரணுமாம். அக்கா விடலை.

"வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும். நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். வீடியோ பார்த்துப் படிச்ச டாக்டரை யார் நம்புவாங்க.

அன்னைக்கு அக்கா இடுப்பில் கை வச்சுக்கிட்டுச் சொன்னார்: "உங்களைப் பாத்துத்தானே இவ ஆடறா. சரி, வேற யார் கையும் படாம ஒரு கேனை மாடிக்குக் கொண்டு வாங்க. இவளைச் சேத்து விடறேன்."

ஷபானா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பரீட்சை அவளுக்கு, எழுதப் போறது நான்.

கடை கிரிவலப் பாதையிலேயே இருக்கு. கடைக்காரர் கேட்டார்: "தூக்கறது யாரும்மா?"

"நான்தான்."

"வூட்டுக்காரரு?"

"இல்லைங்க."

"பசங்க?"

"இல்லைங்க."

ஆதார் கார்டு இல்லாமல் ரூம் கேட்கிறவங்களை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தார். "குழாய் வச்ச கேன்தான் இருக்கு. மத்ததெல்லாம் அன்னதானத்துக்குப் போயிடுச்சு."

"ஏதோ ஒண்ணு குடுங்க."

காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக்கி, மூச்சைப் பிடிச்சேன். முதலில் தொடைக்கு, அப்புறம் தோளுக்கு. ஏறிடுச்சு.

"இன்னாம்மா இது" என்றார் கடைக்காரர்.

எத்தனையோ விஷயத்துக்கு, 'யாராச்சும் வரட்டும்'னு காத்திருந்தவள் நான். யாரும் வந்ததில்லை. அன்னைக்கு யாரும் வரத் தேவைப்படலை.

எங்க தெருவுக்குத் திரும்பறவரைக்கும் கிரிவலக் கூட்டத்தோடுதான் நடக்கணும். ஆரம்பத்தில் தோள் கெஞ்சிச்சு. கொஞ்ச தூரம் போனதும் கனம் கம்மியாகிற மாதிரி இருந்தது. உடம்பு பழகிக்கும்னு வீடியோவில் சொன்னது சரிதான்னு நினைச்சேன். முதுகெல்லாம் ஈரம். வேர்வைதான், உழைப்புன்னா சும்மாவா.

பக்கத்தில் வந்த ஒரு அம்மா, "நல்லா இருப்பீங்க தாயி" என்றார். இன்னொருத்தர் நெற்றியில் விபூதி இட்டார். இந்த ஊரில் பலசாலிப் பெண்களுக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்கே ஆச்சரியம். அடக்கமாகத் தலையாட்டிக்கிட்டேன்.

பின்னால் ஒரு குரல்: "தள்ளாதீங்கப்பா. அந்தம்மா பாட்டுக்கு நடக்கறாங்க, நாமளும் நடந்துக்கிட்டே பிடிச்சுக்கலாம்."

யாரோ யாரோடவோ பேசறாங்கன்னு விட்டுட்டேன்.

போகப் போகக் கேன் பஞ்சாயிடுச்சு. கடைசித் தெருவில் கிட்டத்தட்ட ஓடினேன். வாசலில் அக்காவும் ஷபானாவும் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"ஆன்ட்டி, பின்னாடி வர்றவங்கல்லாம் யாரு?"

திரும்பினேன். தெரு முனை வரைக்கும் ஒரு வரிசை. எல்லார் கையிலும் பாட்டில். முதல் ஆள் கை என் கேன் குழாயில்.

"முடிஞ்சிடுச்சும்மா. மூடிடட்டுங்களா?" என்றார் மரியாதையாக.

மும்தாஜ் அக்கா கேனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "யார் கையும் படக் கூடாதுன்னேன். ஊர் கையே பட்டிருக்கு."

"மாடிக்குத் தூக்கிட்டு வந்துடறேங்க்கா."

"காலி கேனையா? அதை நான் தினம் தூக்கறேன்."

ஷபானா உள்ளே போகத் திரும்பினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போ வரிசையிலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பொண்ணு: "அக்கா, குழந்தைக்கு மட்டும் ஒரு வாய் கிடைக்குமா?"

பௌர்ணமி அன்னைக்கு நடக்கிறவங்க வாசலில் வந்து தண்ணி கேட்டால் இல்லைன்னு சொல்ற வழக்கம் எங்க தெருவில் எந்த வீட்டுக்கும் கிடையாது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டார். படியடியில் கிடந்த இன்னொரு காலி கேனை எடுத்தார்.

"நிழல்ல நில்லுங்கம்மா, வந்துடறேன். செல்வி, நடங்க. ஷபானா, நீயும் வா."

கடையில் அக்கா நிறைந்த கேனைப் பிடிச்சு இழுத்தார். நகரலை.

"குனியாதம்மா, உக்காந்து எழுந்திரு" என்றாள் ஷபானா. "முதுகை வளைக்காத. இப்ப மூச்சைப் பிடி."

அக்கா மூச்சைப் பிடிச்சார். கேன் இடுப்பில் ஏறிச்சு, குடம் மாதிரி. கையை நீட்டின என்னை, "தொடாதீங்க" என்று அதட்டினார். வீடு வரைக்கும் யாரையும் விடலை, குழாயைத் தன் கையாலேயே பொத்திக்கிட்டு வந்தார்.

வரிசை முழுக்கக் குடிச்சது. அக்கா படியில் உட்கார்ந்து, அடிவயிற்றில் கை வச்சு அழுத்திப் பார்த்தார்.

"எதுவும் இறங்கலை" என்றார். "காலையில எத்தனை மணிக்குக் கிளாஸு?"

"ஆறரைம்மா" என்றாள் ஷபானா. முகமெல்லாம் வெளிச்சம்.

"சரி. ரெண்டு பேரும் போலாம்."

"யாரு, நானும் ஆன்ட்டியுமா?"

"ஆன்ட்டி தூங்கணும். நானும் நீயும்."

கேன் காலின்னு தெரிஞ்சப்போகூட ஷபானா முகம் அப்படி விழலை.

ரெண்டு வீட்டிலும் சோறு வைக்கத் தண்ணி இல்லை. காலி கேனை எடுத்துக்கிட்டு, மறுபடி கடைக்கு நடந்தேன்.