கறுப்புப் பட்டி எந்த உயரம்?

வெற்றிலைச் சாற்றை யாரோ சுவரின் உள்ளே நின்று துப்பியதுபோலப் பழுப்பு கசிந்துகொண்டிருந்தது. யாக்கோப்பு சுண்ணாம்புப் பிறஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரை முறைத்தான். காலையிலிருந்து இரண்டு தரம் வெள்ளை அடித்தாயிற்று. மூன்றாம் தரம் காயமுன்னரே பழுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

பிழை முதல்நாள், திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது.

கிளிநொச்சியில் கண்டி வீதியைப் பார்த்தபடி சிற்றம்பலம் முதலாளி கட்டி முடித்த புது வீடு அது. வெள்ளிக்கிழமை அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சீதன வீட்டையும் பார்ப்பார்கள். அதற்குள் வெள்ளை அடித்து அடியில் கறுப்புப் பட்டி போடவேண்டும். நெல்லும் கருவாடும் வாங்கி விற்கிற சிற்றம்பலத்தார் பத்துத் தேங்காய் வாங்கப் பதினைந்தைத் தட்டிப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவர் யாக்கோப்பிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையைக் கொடுத்துவிட்டார்.

யாக்கோப்பு முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களுக்கு நிறம் பூசுகிறவன். மீன் குறைந்தால் வலைக்கும் போவான். வீடு ஒன்றுக்கும் அடித்ததில்லை. ஆனால் கிறேஸைக் கட்டவேண்டுமென்றால் அடித்தே ஆகவேண்டும். கிறேஸின் தாய் ஞானமலர் கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவா. மகளைத் தரையில் தொழில் செய்கிறவனுக்குத்தான் கொடுப்பதென்று இருந்தா.

"சிற்றம்பலத்தார் தன்ரை வாயாலை உன்னைப் பெயின்ரர் எண்டு சொல்லட்டும். அந்த ஞாயிறே கோயிலிலை கலியாண ஓலை வாசிப்பிக்கிறன்" என்று சொல்லி அனுப்பியிருந்தா.

பட்டி போடச் சொன்ன முதலாளி உயரத்தைச் சொல்லவில்லை. அவரிடமே கேட்டால் வேலை தெரியாதென்பது வெளியாகிவிடும். யாக்கோப்பு முதலாளிக்கு மூட்டை தூக்குகிற மூக்கனிடம் நைசாகக் கேட்டான். மூக்கன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய மனிதர்.

"அண்ணை, மாரியிலை இஞ்சை தண்ணி எவ்வளவுக்கு நிக்கும்?"

"கணுக்கால் அளவு. அந்தப் பெரிய வெள்ளத்துல மட்டும் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு தம்பி."

வள்ளமென்றால் தண்ணீர் மட்டம் வரைக்கும் தார். வீடு மட்டும் வேறு சாதியா? மூக்கனைச் சுவரோடு நிறுத்தி, நெஞ்சுக்கு நேரே கோடு கீறி, வீட்டைச் சுற்றிவரத் தார் பூசிவிட்டான்.

செவ்வாய் காலை, வீதியால் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தார்கள்.

"தம்பி, எப்ப கடலிலை இறக்கிறியள்?" என்று ஒருவர் மரியாதையாகவே விசாரித்தார்.

சற்று நேரத்தில் முதலாளியே வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தார். யாக்கோப்பு உள்ளூர அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லை. ஒரு புதுமாதிரியாய்க் கிடக்கு. இப்பிடியே விடு" என்றார் முதலாளி.

யாக்கோப்புக்குக் கண் கலங்கிவிட்டது. மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறார், எவ்வளவு பெரிய மனிதர். இப்படிப்பட்டவருடைய மகளின் கலியாணம் தன்னால் குழம்புவதா? அவர் தலை மறைந்ததும் தாரின்மேல் சுண்ணாம்பை அடித்தான். அதுதான் இந்தப் பழுப்பு. தாரென்றால் மூடி வைத்தாலும் ஊர்க்கதைபோல வெளியே வந்துவிடும்.

பின்னேரம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தான். தார் கரைந்தது உண்மை. ஆனால் கழன்றுபோகாமல் மேலே வெள்ளைக்குள் ஏறி, சுவர் புலித்தோல் ஆனது. புதன் காலை, வள்ளப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைச் சுண்ணாம்பில் குழைத்து அதற்குமேல் இழுத்தான். நிறம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் பத்து மணிக்குள் சந்தைப் பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு சுவரை நக்கின. கூரையில் காகங்கள் முறைக்குக் காத்திருந்தன.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"இந்த மணம் வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குமோ தம்பி?"

"நிக்காது ஐயா. நான் விடமாட்டன்."

முதலாளியின் முகம் வாடிவிட்டது. தன்மேல் நம்பிக்கை போய்விட்டதென்று யாக்கோப்பு நினைத்தான்.

"இனிக் கை வையாதை. போய்ச் சாப்பிட்டுப் படு" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, நெல் வாங்கப் பூநகரிக்கு லொறி ஏறிப் போனார் அவர். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

முல்லைத்தீவு பஸ் வருகிற நேரம். யாக்கோப்பு பையை எடுத்துத் தோளில் போட்டான். ஒரு பூனை அவனைப் பார்த்தபடி சுவரை நக்கியது. பையை இறக்கி வைத்தான். வள்ளத்தில் பழைய தார் இருந்தால் என்ன செய்வேன்? மேலே பூசுவேனா? சுரண்டுவேன்.

உளி எடுத்துத் தார் ஏறிய பூச்சு முழுவதையும் கொத்தி விழுத்தினான். பாவம் பார்த்து மூக்கனும் ஒரு பக்கம் கொத்தினார். பின்வளவில் மிஞ்சிக் கிடந்த சீமெந்தைக் குழைத்துப் புதிதாகப் பூசினார்கள். வியாழன் காலையிலிருந்து சுண்ணாம்பை வடித்து, நீலம் கரைத்து, மூன்று தரம் அடித்தான். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"அண்ணை, இந்தப் பட்டி எந்த உயரம்?"

"ஒரு சாண் போதும்யா. கூட்டுறப்போ வெளக்குமாத்து அழுக்குத் தெரியாம இருக்கத்தானே அது."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ தண்ணியைத்தானே கேட்ட. பட்டியக் கேக்கலியே."

நூல் பிடிக்கவில்லை. வள்ளத்தின் விலாவில் கோடு இழுக்கிற கைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு இழுத்து முடித்தான். எழும்பிப் பார்த்தான். தன் கையா இது என்று அவனுக்கே ஐமிச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் அன்னபாக்கியம் காரை விட்டு இறங்கியபோது, வீடு நீலம் போட்ட வேட்டிபோல வெயிலில் நின்றது. லொறியிலிருந்து நேரே வந்த முதலாளி வீட்டைப் பார்த்து வாசல் படலையிலேயே நின்றுவிட்டார். அன்னபாக்கியம் பட்டியைக் குனிந்து பார்த்தா, சுவரைத் தடவிப் பார்த்தா, ஒரு தரம் மணந்தும் பார்த்தா.

"சிற்றம்பலத்தார், வீட்டையும் ஸ்கந்தபுரத்துக் காட்டுக் காணியையும் பாத்துப்போட்டு, பிடிச்ச ஒண்டை எடுக்கச் சொன்னனீங்கள். காணி கிடக்கட்டும். பிள்ளையளுக்கு இந்த வீடே காணும்" என்றா. பிறகு திரும்பி, "ஆர் அடிச்சது?" என்று கேட்டா.

சம்பந்தி கேட்கிறா, பொய் சொல்ல வழியில்லை.

"இவன்தான். யாக்கோப்பு. பெயின்ரர்" என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர்போல.

அந்த ஒரு சொல் போதும். யாக்கோப்பு கையெடுத்துக் கும்பிட்டான். முதலாளி கும்பிடையும் வாங்காமல் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாக்கோப்பு பயந்துபோய் மூக்கனைப் பின்வளவுக்கு இழுத்து, ஐயாவுக்கு என்ன வருத்தமென்று கேட்டான்.

மூக்கன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கு வீடு அடிக்கவே தெரியாதுன்னு முல்லைத்தீவு வரைக்கும் ஆள் விட்டு விசாரிச்ச பொறகுதான் மொதலாளி ஒன்னைய எடுத்தாரு, அந்த மனுசனையே ஏமாத்திப்புட்டியே, ராசா."