பிடியைத் தளர்த்தும் வாயு

அடுத்த அறையில் இருக்கும் என் மனைவிக்கு, ஹாலில் குடியிருக்கும் உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். உன் நலம் தையல் மிஷின் சத்தத்தில் தெரிகிறது.

எனக்கு முதுகுவலி என்று சொன்னது பொய். இரண்டு தடவை என்னால் முடியாமல் போனபோது நீ திரும்பிப் படுத்தாயே, மூன்றாவது தடவையும் அந்த முதுகைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கு வந்துவிட்டேன். பதினோரு மாதமாயிற்று. நீயாகக் கூப்பிடுவாய் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை, வாய் நாறுகிறதோ என்று தினம் மூன்று வேளை மருந்துத் தண்ணீரில் கொப்பளித்தேன், அப்பவும் கூப்பிடல, கடைசியில் டாக்டரிடம் போனால் உட்கார்ந்திருந்தது நம் மகள் வயதுப் பெண். ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்றேன்.

"அவருக்கு முதல்ல சுகர் பார்க்கணும். கையை நீட்டுங்க," என்றார்.

நண்பருக்குச் சுகர் இருக்கிறது. அங்கே உள்ள தசை எப்போதும் இறுகித்தான் இருக்குமாம். ஆசை வந்தால் நரம்பிலும் ரத்தக்குழாயிலும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகி, பிடியை விடு என்று சொல்லுமாம். விட்டால்தான் ரத்தம் பாயுமாம். சுகர் அந்த வாயுவைக் குறைத்துவிடுகிறது. அந்த வாயு உண்டாக உதவுகிற வாய்க் கிருமிகளையும் நான் கொப்பளித்தே கொன்றிருக்கலாமாம். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா? லிஃப்ட் பிரேக்கும் சும்மா இருக்கறப்ப கவ்விக்கிட்டுத்தான் இருக்கும், கரண்ட் வந்தாத்தான் விடும். நான் பயந்துபோய்ப் பல்லைக் கடிச்சுக்கிட்டு முயற்சி பண்ணினா எப்படி விடும்? ஆசை போகலடி. நீ தட்டை வெச்சுட்டுத் திரும்பிப் போறப்ப கூப்பிட வாய் வரல. வீட்டுல ரெண்டு பேர் இருந்தும் நான் தனியாத்தான் இருக்கேன்.

வியாழக்கிழமை உன்னையும் அழைத்துவரச் சொன்னார் டாக்டர். வர இஷ்டமில்லையென்றால் பதில் வேண்டாம். உன் முழங்கால் வலிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஹால்வாசி

பின்குறிப்பு: இதைக் கதவுக்கு அடியில் தள்ளக் குனிந்தேன், முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. தாழ் திறக்கும் சத்தமே இல்லாமல் கதவு திறந்தது, நீ தாழ் போடவே இல்லை போலிருக்கிறது. இப்போது உன் கட்டிலில் கவிழ்ந்து கிடந்து எழுதுகிறேன். "அப்ப நிஜமாவே முதுகுவலிதானா? என்னைப் பிடிக்காமத்தான் போயிட்டீங்கன்னு இருந்தேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தைலம் எடுக்கப் போயிருக்கிறாய். கடிதமோ முதுகுவலி பொய் என்றுதான் ஆரம்பிக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிடுகிறேன். ஆசை போகலடி என்ற வரியை மட்டும் முதலில் படி.