பதினோரு கிரகங்களும் ஒரு கதவும்

ஒரு மழைக்காலம் முழுக்க, நான் படி துடைக்க வருவதற்குள் மூன்றாம் மாடியில் என் வாளி நிரம்பி நிற்கும். யார் வேலை என்று நெடுநாள் தெரியவில்லை. அந்த மாடியில் குடியிருக்கும் தம்பிதான் என்று தெரிந்தபோது, "குழாய் தானா ஒழுகியிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டார். அவரைத்தான் இப்போது கேலி செய்யப்போகிறேன், கடவுள் மன்னிக்கட்டும்.

அவர் விண்வெளித் தளபதி என்னும் இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அட்டை போன பழைய அறிவியல் கதைகளை வாங்கி, பேரரசு எப்படிக் கவிழும், கலகத்தை எப்படி அடக்குவது, வேற்றுக்கிரகப் படைக்கு எங்கே பொறி வைப்பது என்றெல்லாம் பென்சிலால் கோடிழுத்து, பதினோரு கிரகங்களுக்குச் சட்டம் எழுதி முடித்து, பல் தேய்க்க மறந்து, பனியனோடு மொட்டைமாடியில் நின்று வானத்தை முறைக்கும் இனம். பிழைப்புக்குப் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறார்.

"பால் எங்கே?" என்பார் மனைவி.

"விநியோகப் பாதை அறுந்துபோச்சு."

"கடை பூட்டியிருந்துச்சுன்னு சொல்லுங்க."

இவரைக் குடியிருப்போர் சங்கத் தலைவராக்கினார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை.

எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு. ஏதோ சண்டையில் அவர்கள் தங்கள் பக்கம் பூட்டிவிட்டார்கள். அதன் வழியே பள்ளிக்கூடம் இரண்டு நிமிடம். சுற்றிப் போனால் லாரி ஓடும் சாலையில் இருபது நிமிடம். பிள்ளைகளை நினைத்து நான் தினமும் வேண்டிக்கொண்டேன். தளபதி வரைபடம் போட்டார்.

ஒருநாள் அந்தக் கட்டடத்து டீச்சரம்மா சாவியோடு சமாதானம் பேச வந்தார். நீங்களும் நானும் என்ன செய்வோம்? உட்காரச் சொல்வோம். இவரோ, "தூதுன்னு வர்றவங்கதான் எல்லாக் கதையிலயும் உளவாளி" என்று அவரைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போர்க்குழுவைக் கூட்டினார். குழு என்றால் இவரும் மாமனாரும். மாமனாருக்குக் காது மந்தம். முக்கால் மணி நேர விவாதம் முடிந்து வெளியே வந்தால், டீச்சரும் இல்லை, சாவியும் இல்லை.

"சாவி குடுக்கத்தான் வந்தாங்க தம்பி" என்றேன்.

"அதைக் கையில காட்டியிருக்கலாமேக்கா."

"காட்டினாங்க. ஆயுதம்னு சொன்னீங்க."

முகம் சுண்டிப்போயிற்று. 'வேணும்னா அவரே வந்து கேக்கட்டும்' என்று டீச்சர் சொல்லியனுப்பினார். தளபதி இனம் போய்க் கேட்குமா?

சிரிக்காதீர்கள். நேற்று எதிர்வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துப் புன்னகைத்தபோது, 'எதுக்கு அடி போடுறான்?' என்று யோசித்தது யாராம்?

போன மாதம் அவர் வீடு மாறினார். பக்கத்துக் கட்டடத்துக்கேதான்.

"என்ன தம்பி, எதிரிகிட்டயே சரணடைஞ்சுட்டீங்களா?" என்றேன்.

புத்தக மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உள்ளே புகுந்துதான்க்கா அந்தக் கதவைத் திறக்க முடியும். டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."