எலிகளுக்கு எண்ணெய்க் குளியல்

டாக்டர் இருந்தார். ஆராய்ச்சியைப் பார்க்க மதராஸிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை இருந்தார். என் மாமா இருந்தார். நான் இருந்தேன். கூட்டுக்கு ஆறாக நாலு கூட்டில் இருபத்து நாலு எலிகள் இருந்தன. எலிகளுக்கு அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு எலி வேலை. தீனி வைப்பது, கூடு கழுவுவது, நிறுத்து எடை சொல்வது. நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எலிகளுக்கு அது போதும்.

எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கூட்டுக்குத் தீனியில் தேங்காய் எண்ணெய். அடுத்ததற்கு நல்லெண்ணெய். மூன்றாவதற்குக் கடலை எண்ணெய். நாலாவதற்கு எண்ணெயே கிடையாது, கீழாநெல்லிப் பொடி மட்டும். (அந்த ஆறும் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது.) ஒன்றின் எண்ணெய் இன்னொன்றின் வாயில் படக் கூடாது, உன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு ஆரியசாலையில் எண்ணெய்க் கடை. ஆராய்ச்சிக்கு எண்ணெய் கொடுத்தது அவர்தான். எனக்கு வேலை கிடைத்ததும் அவர் சொல்லித்தான். வேலை நிரந்தரமானால் மகள் பார்வதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். துரை பார்த்துவிட்டுப் போகட்டும், நிரந்தரத்துக்கு எழுதுகிறேன் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அதைக் காதால் கேட்கவே மாமா வந்து நின்றார்.

துரை வந்த நாள் தீபாவளி.

வீட்டுப் பிள்ளைகள் தீபாவளியன்று எண்ணெய் தேய்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? வாயில் படக் கூடாது என்றுதான் உத்தரவு. உடம்பில் படக் கூடாது என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுபோனேன், மிளகு போட்டுக் காய்ச்சியது. விடியுமுன் ஒவ்வொன்றுக்கும் உச்சியில் தொடங்கி வாலில் முடித்தேன். முதல் எலிக்குச் சீயக்காயும் போட்டேன். அது என்னைப் பார்த்தது. மற்றவற்றுக்கு வெந்நீரோடு நிறுத்திக்கொண்டேன்.

துரை நேரே நாலாவது கூட்டுக்குப் போனார். கீழாநெல்லி எலிகள் மினுமினுவென்று இருந்தன. அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் முகம் அதைவிட. துரை ஒன்றைக் கையில் எடுத்தார். அது வழுக்கி, கோட்டுக் கைக்குள் புகுந்து, கழுத்து வழியாக வெளியே வந்தது. அவர் கையை முகர்ந்து பார்த்தார். டாக்டரும் முகர்ந்தார். மாமாவும் முகர்ந்தார்.

"நம்ம செக்கு எண்ணெய்லா" என்றார் மாமா. (வியாபாரி.)

டாக்டர் மலையாளி. என் பக்கம் திரும்பினார்.

"ஈ கூட்டுக்கு எண்ணெய் கிடையாதல்லோ?"

"தீனியில இல்ல சார்."

"பின்னே?"

"தீபாவளி சார்."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ணுக்குச் செய்யாம எப்படி சார்?"

கூட்டுக்குள் எலிகள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. எலிக்கு அந்தப் பழக்கம் உண்டு. எனக்கும் தெரியும். காலையில் ஞாபகம் வரவில்லை. நாலு மாத ஆராய்ச்சியை அவை நக்கித் தீர்ப்பதை நாலு பேரும் நின்று பார்த்தோம்.

டாக்டர் துரைக்கு இங்கிலீஷில் விளக்கினார். வெகுநேரம் ஆயிற்று. துரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

நிரந்தரம் போயிற்று. புது எலிகள் வந்தன. மறுபடி முதலிலிருந்து. வேறு யார் தொட்டாலும் எலிகள் கடித்ததால் என்னைத் துரத்தவில்லை. "ஓணத்துக்கு எலிக்குக் கோடி முண்டு எடுத்துக் கொடுக்க வேண்டாம், கேட்டோ" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

வெளியே வந்ததும் பெண் பேச்சை விட்டுவிடலாம் என்று மாமாவிடம் நானே சொன்னேன். அவர் நேரே ஆரியசாலைக்கு நடந்தார். கடைக்குள் இருந்த அத்தையிடம்தான் சொன்னார்.

"எலிக்கே நல்லநாள் பாத்துச் செய்யுதான். எம் மவளுக்குச் செய்யமாட்டானா?"

தையில் கல்யாணம்.

தீபாவளிதோறும் பார்வதி பலகை போட்டு எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பாள். வைத்துக்கொண்டே எண்ணுவாள். அந்த இருபத்து நாலு எலிகளை என்றைக்கு எட்டுவோம் என்று வீட்டில் பந்தயம். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இந்த வருஷம் என் தலைக்குக் கடைசியாக வந்தாள். எண்ணெய் வைத்தாள்.

இருபத்து மூன்று.