ஆமைக்கும் பெரட்டு

'பாலர் பள்ளித் தொலைக்காட்சியை அகற்றலாமா? சனிக்கிழமை நேரில் பார்த்து முடிவெடுக்கப்படும்.' எங்கள் தோட்டத்துப் பெற்றோர் கூட்டக் குறிப்பேட்டில், செயலாளரான என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது. பிள்ளைகள் பேசப் பழகாமல் படமே பார்க்கிறார்கள் என்று அகற்றச் சொல்லி முன்மொழிந்தவனும் நான்தான்.

மலேசியாவின் லாபு வட்டாரத்திலேயே முதலையைப் பெரட்டுக்கு நிறுத்தியவர் எங்கள் மண்டோர் டீச்சர் ஒருவர்தான். செம்பனைக் காட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து, பிறகு பாலர் பள்ளி ஆசிரியை ஆனவர். காட்டை விட்டாரே தவிர வழக்கத்தை விடவில்லை. ஆவணப்படம் போடும் முன், விடிகாலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் ஆட்களைக் கூப்பிடுவதுபோல் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவார். ஆளுக்கொரு நிரை மரம் பிரிப்பதுபோல் ஆளுக்கொரு விலங்கைக் கொடுப்பார். டிவியின் சத்தத்தை அடைத்துவிடுவார்.

"அடுத்தவன் நெரைக்குள்ள எவனும் பூரக்கூடாது, சொல்லிட்டேன்!"

படம் முடிந்ததும், தன் விலங்கு என்ன செய்தது, ஏன் செய்தது என்று ஒவ்வொருவரும் தமிழில் சொல்ல வேண்டும். படம் முழுக்கத் தூங்கிய முதலைக்கு ஒருநாள் கிடைத்த திட்டு, சாலை வரை கேட்டது.

கூட்டத் தலைவரும் நானும் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமை கடற்கரைப் படம். பள்ளியில் வாயே திறக்காத தர்ஷினிக்கு ஆமைக்குஞ்சு. இரண்டாவது நிமிடம் ஒரு நண்டு வந்தது. குஞ்சு மணலுக்குள் புகுந்தது. அவ்வளவுதான், கடைசிவரை காணோம்.

மற்ற பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். தர்ஷினி எழுந்து நின்று தரையைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? ஊமைப் படம் பாத்துப் புள்ளயும் ஊமையாயிருச்சு. டிவிய கழட்டுங்க லா" என்றார் கூட்டத் தலைவர்.

டீச்சர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "எங்கடி ஒன் ஆமை? மட்டம் போட்டுருச்சா?"

"மட்டம் போடல டீச்சர்!" தர்ஷினிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நண்டுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்துச்சு. அப்புறம் கடலுக்குப் போயிருச்சு."

தலைவர் விடவில்லை. "நீ பாத்தியா? நண்டு தின்னுருக்கும்மா."

"பாக்கல. ஆனா திரும்பிப் போறப்பவும் நண்டு வயிறு சின்னதாத்தானே இருந்துச்சு!"

டீச்சர் பெரட்டுப் புத்தகத்தை விரித்து எழுதினார்: 'ஆமை வந்தது.'

டிவி இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தில் ஆமை திரும்பி வராது என்பது டீச்சருக்கு முன்பே தெரியுமா? கேட்டால், "படத்த நானா சார் எடுத்தேன்?" என்கிறார். 'உறுதி செய்யப்படாத தகவல்' என்றே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால், பேசாத பிள்ளைக்கென்று காணாமல் போகும் ஆமையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்திருப்பார் என்று நம்பத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.