பத்துக்கு மூன்று எடுத்த பிரதம விருந்தினர்

எங்கள் ஆட்களிடம் ‘பத்துக்கு மூன்று’ என்று சொல்லிப் பாருங்கள். யார் எடுத்தது, எந்தப் பாடம் என்று கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். கேள்வி பிறகுதான்.

இதைத் தெரிந்துகொண்டே மேடை ஏறியவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்பொறியியல் முடித்துவிட்டு மின்விநியோக நிலையம் ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த தமிழ்ப் பாடசாலையில் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். (தூக்கத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் நேரம் இருந்த வயது.) அந்த ஆண்டு மண்டபத்தை எங்களிடமிருந்து எடுத்து ஒரு கராத்தே வகுப்புக்குக் கொடுக்கலாமா என்று பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை யோசித்துக்கொண்டிருந்தார். அது போனால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. ஆகவே நிர்வாகக் குழு அம்மையாரைக் குளிர்விக்க அவருடைய கணவரைப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தது. அவர் அமெரிக்கர். ஒரு காலத்தில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர். பந்தை அடிப்பதுதான் அவருடைய தொழிலாக இருந்தது.

அறிமுக உரை என் தலையில் விழுந்தது. நான் எதையும் இலக்கம் போட்டு எழுதுகிறவள். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒன்று, பிறந்த ஊர். இரண்டு, ஆடிய அணிகள். மூன்று, சாதனை. நான்கு, விட்டுச்சென்ற புகழ். (உயிரோடு இருக்கும் ஆளிடம் நான்காவதைக் கேட்கக்கூடாது என்று அப்போது தோன்றவில்லை.) மூன்றாவதற்கு அவர், நல்ல காலத்தில் பத்துக்கு மூன்று தடவை அடித்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். பந்து வருகிற வேகத்துக்கு அது பெரிய காரியமாம். அப்படியே எழுதிக்கொண்டேன்.

விழா அன்று குழுவின் தலைவர் சிவம் மாஸ்டர் உரையை வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆயுள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவர்.

“என்ன பிள்ளை இது? பத்துக்கு மூண்டோ?”

“ஓம் மாஸ்டர். அந்த விளையாட்டில அது பெரிய திறமை.”

“விசர்க்கதை கதையாதையும். கீழ தாய் தகப்பன்மார் இருக்கினம். எழுபத்தொம்பது எடுத்த பிள்ளைக்கே நாங்கள் பரிசு குடுக்கேல்லை. பெயில் விட்ட மனுசனைக் கொண்டு பரிசு குடுப்பிச்சனாங்கள் எண்டு சொல்லுவினம்.”

“அவரே சொன்னவர், மாஸ்டர்.”

“அது அவற்ற அடக்கம். ஒன்பது எண்டு வாசியும். மனுசனும் குளிர்ந்து போவார், மண்டபமும் மிஞ்சும்.”

இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தேன். வாதாடத் தெம்பில்லை. பேனையை எடுத்துத் திருத்தினேன். (வேலைத்தளத்தில் இப்படி ஓர் அளவைத் திருத்தியிருந்தால் பாதி லண்டன் இருட்டில் கிடந்திருக்கும்.)

பொன்னாடை போர்த்தியாயிற்று. நான் ஆங்கிலத்தில் வாசித்தேன்: பத்துப் பந்து வந்தால் ஒன்பதை அடித்தவர். மாஸ்டர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, “மற்றதையும் அடிச்சிருப்பார். பாவமெண்டு விட்டவர்” என்று தன் பங்குக்கும் சேர்த்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அமெரிக்கரின் முகம் சிவந்தது. கணவரைக் கேலி செய்கிறோம் என்று அம்மையார் நினைத்துவிட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கராத்தே வகுப்பு முழுதாகத் தெரிந்தது.

அமெரிக்கர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நான் பத்துக்கு ஏழு தடவை தோற்றவன்” என்றார். “அதற்குத்தான் சம்பளம் தந்தார்கள். பிறகு எட்டுத் தடவை தோற்றேன், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் விட்டுச்சென்றது என்னவென்று இந்தப் பெண் கேட்டார். மைதானத்துக்குப் பின்னால் ஒரு கடையின் ஜன்னலை உடைத்தேன். கடைக்காரர் இன்னும் கண்ணாடி மாற்றவில்லை. அவ்வளவுதான்.”

மாஸ்டர் மொழிபெயர்த்தார்: “பிள்ளையள் நல்லாப் படிக்க வேணும் எண்டு சொல்லுறார்.”

பெற்றோர் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு மாஸ்டரின் தமிழைவிட அமெரிக்கரின் ஆங்கிலம் நன்றாக விளங்கியது. பரிசு கிடைக்காதவர்கள் எல்லோரும் கதிரைகளில் ஏறி நின்று, “செவன்! செவன்!” என்று கத்தினார்கள். அமெரிக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அம்மையாரின் உதடு அசைந்தது.

மண்டபம் எங்களுக்கே கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வோர் ஆண்டும் அவரைப் பேச அழைக்க வேண்டும். (வீட்டில் கேட்டுக் கேட்டு அம்மையாருக்கு அலுத்திருக்க வேண்டும்.) அடுத்த சோதனையில் பத்துக்கு மூன்று எடுத்த பிள்ளைகள் வீட்டில் பெருமையடித்தார்களாம்; அவர்களின் பெற்றோர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். “தங்கச்சி, இதுகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்?” பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

சில வருடங்களில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். செவன் கிங்ஸ் என்ற பகுதியில் இருந்த சாத்திரியார் இரண்டு சாதகங்களையும் பார்த்துவிட்டு, பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் என்றார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “அமெரிக்காவில எண்டா இதுக்குச் சம்பளமும் குடுப்பாங்கள்.”

அந்த மூன்று பொருத்தக்காரரைத்தான் கட்டினேன். இப்போதும் அம்மா தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதில்லை, அவரோடு வென்றேனா தோற்றேனா என்றுதான் விசாரிப்பார்.

“இண்டைக்கு என்ன, மூண்டோ ஏழோ?”

“ஏழு, அம்மா.”

“அப்ப வழமைதான்” என்று வைத்துவிடுவார்.